இல்லாத ஏணிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

எங்கள் தெருவில் விளக்கு எரியாமல் போனதற்கும் நாடு பாதுகாப்பாக இருப்பதற்கும் தொடர்பு உண்டு என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரு நாள் இருட்டில் சாக்கடை மூடியில் இடித்துக்கொண்டு கால் கட்டைவிரல் நகத்தைப் பறிகொடுத்தேன். அதற்குப் பிறகுதான் விசாரித்தேன். எங்கள் விளக்குகள் எரியாமல் இருப்பது உளவுத்துறையின் மாபெரும் வெற்றி என்றார்கள். அந்த வெற்றியில் என் நகத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை நினைத்து நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். இதில் பாதி கண்ணாடிக்கடைக்காரர் என்னிடம் சொன்னது. மீதி நானே பார்த்தது.

கண்ணாடிக்கடைக்காரரின் கடை எங்கள் வீட்டுக்கு எதிரே. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவார், அலுமினியச் சட்டம் போடுவார். அளவில் ஒரு நூல் பிசகினால் சண்டைக்கு வருவார். வேறு எதற்கும் சண்டைக்கு வரமாட்டார். அந்த வேலையை அவருடைய மனைவி பார்த்துக்கொள்வார். அந்த அம்மாவின் தம்பிதான் எங்கள் பகுதிக்குத் தெருவிளக்குப் பார்க்கிறவன், நகராட்சியில் வேலை. தெருவே அவனைப் 'பல்பு' என்றுதான் கூப்பிடும். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பான்.

பல்பு செய்கிற வேலை எல்லாரும் பார்த்ததுதான். பகலில் வருவான். தெருமுனைக் கம்பத்தில் இருக்கும் பெட்டியைத் திறந்து ஸ்விட்சைப் போடுவான். விளக்கெல்லாம் எரியும். எது எரியவில்லை என்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு நடை நடப்பான். ஸ்விட்சை அணைப்பான். ஏணியைச் சாய்த்து ஏறி, கெட்டுப்போனதை மாற்றுவான். மறுபடி போட்டுப் பார்ப்பான். எரிந்தால் அணைத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவான். இதில் நாட்டைக் கவிழ்க்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். நீங்கள் துறையில் வேலை பார்ப்பவர் இல்லை.

துறையில் வேலை பார்ப்பவர்கள் இருவர் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் உள்நாட்டுக் கண்காணிப்பு, மற்றவர் வெளிநாட்டுக் கண்காணிப்பு. இரண்டு பிரிவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளக் கூடாது என்பது துறையின் விதி. அதனால் பெட்டிக்கடைக்காரர் ஒருவருக்குத் துப்புச் சொல்லும் 'கழுகு' ஆகவும் மற்றவருக்கு 'நங்கூரம்' ஆகவும் இருந்தார். இது தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவரே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி சாதாரணமாகச் சொல்லுவார்.

இருவரும் ஒரே வாரத்தில் வந்து, ஏதாவது சொல்லியே ஆகவேண்டும், மேலிடத்தில் நெருக்குகிறார்கள் என்று தலையைச் சொறிந்திருக்கிறார்கள். பெட்டிக்கடைக்காரருக்கு இரக்கம் வந்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். பல்பு கம்பத்தில் இருந்தான்.

"என்னத்த சொல்றது. அந்தப் பையன் பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறான். அவ்வளவுதான்."

இதையே இருவரிடமும் சொன்னார். கழுகு சொன்னது ஒரு வழியாக மேலே போயிற்று. நங்கூரம் சொன்னது இன்னொரு வழியாக மேலே போயிற்று. உச்சியில் இரண்டும் சந்தித்தபோது உச்சியில் இருந்தவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார் என்று கேள்வி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடத்திலிருந்து ஒரே செய்தி வந்தால் அது உண்மை. இதுவும் துறையின் விதி.

மறுநாள் ஒரு வேன் வந்தது. ஏணியில் இருந்த பல்பை இறக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏணியையும் விடவில்லை.

பல்பின் அக்காவும் மாமாவும் ஏறாத படி இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை. நகராட்சிக்குப் போனால் அங்கே வேறு விதம். பல்பு ராஜினாமா செய்யவில்லை, சாகவில்லை, மாற்றலாகவும் இல்லை. ஆகவே அவனுடைய இடம் காலியாக இல்லை. ஆகவே வேறு ஆளைப் போட முடியாது. ஒவ்வொரு விளக்காகக் கெட்டது. மாற்ற ஆள் இல்லை. தெரு இருண்டது, அடுத்த தெரு இருண்டது, கடைசியில் உளவுத்துறைத் தலைமையகத்து வாசல் விளக்கும் போயிற்று. அங்கே உள்ளே இருந்தவர்கள் இதைக் கவனித்தார்கள். ஆளைப் பிடித்ததும் எதிரிக்குப் போன விளக்குச் சமிக்ஞை நின்றுவிட்டது, ஆகவே சமிக்ஞை கொடுத்தது அந்த ஆள்தான் என்று முடிவு கட்டினார்கள். கெட்டுப்போகிற ஒவ்வொரு விளக்கும் அவன் மேல் புதிய ஆதாரம் ஆயிற்று.

அந்த அம்மா தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் தலைமையகத்து வாசலில் போய் நிற்பார். காவலாளி நல்ல மனிதர்.

"அப்படி யாரும் இல்லம்மா. எத்தனை தடவை சொல்றது."

"சரிப்பா, இல்ல. இல்லாதவன் சாப்பிட்டானான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

காவலாளி தலையைக் குனிந்துகொள்வார். அவர் ஒரு நாள் கூட 'தெரியாது' என்று சொன்னதில்லை. அதை வைத்துத்தான் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று அந்த அம்மா தெரிந்துகொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் கண்ணாடிக்கடைக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. உளவுத்துறை தன் வரலாற்றை மக்களுக்குக் காட்ட ஒரு கூடம் கட்டுகிறதாம். அதற்குக் கண்ணாடிப் பெட்டிகள் வேண்டும். முதலில் கடைக்காரரின் நம்பகத்தன்மையைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"உங்க சொந்தக்காரங்க யாராவது எங்க காவல்ல இருக்காங்களா?"

"என் மச்சினன் சார்."

அதிகாரி தன் கையில் இருந்த தாளைப் புரட்டினார். திருப்பியும் புரட்டினார்.

"அப்படி யாரும் இல்லையே."

"இருக்கான் சார். விளக்கு மாத்துறவன்."

"இங்க பாருங்க, நான் மூணு இடத்துல கேட்டு உறுதி பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். எங்ககிட்ட அப்படி ஒரு ஆள் கிடையாது. இல்லாத ஒருத்தர் உங்களுக்கு மச்சினனா இருக்க முடியாது. உங்களுக்கு எந்தத் தடையும் இல்ல. நாளைக்கே வந்து அளவு எடுத்துக்கலாம்."

அதிகாரி போனதும் அந்த அம்மா உள்ளேயிருந்து வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏங்க, என் தம்பியைத் தூக்கிட்டுப் போனவங்களுக்குப் போயி கண்ணாடி மாட்டித் தரப்போறீங்களா?"

"வாசல்ல நின்னு நின்னு என்ன தெரிஞ்சுது. ஒரு தடவை உள்ள போய்ப் பாத்துட்டு வரேன்."

அந்த அம்மா அளவு நாடாவை எடுத்துக் கொடுத்தார்.

வரலாற்றுக் கூடத்துக்குப் பொறுப்பாக ஒரு காட்சி அதிகாரி இருந்தார். மெலிந்த மனிதர், கை எப்போதும் பின்னால் கட்டியிருக்கும். அவரே ஒவ்வோர் அறையாக அழைத்துக்கொண்டு போனார்.

"இது வெற்றிகள் அறை. நம்ம துறையோட வெற்றி எல்லாமே ரகசியம். அதனால எதையும் காட்ட முடியாது. ஆனா பெட்டி வேணும். உள்ள கறுப்புத் துணி போட்டு மூடிடுவோம்."

"துணி போட்டு மூடுறதுக்குக் கண்ணாடி எதுக்கு சார்? பலகையே போதுமே."

"மக்கள் பாக்கணும் இல்ல?"

கண்ணாடிக்கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு அளந்தார்.

"அடுத்தது தோல்விகள் அறை. இது ரொம்பச் சின்னது. கதவு மட்டும்தான், பின்னால சுவர். தோல்வின்னு ஒண்ணு நடந்ததே இல்ல."

மூன்றாவது அறைதான் பெரியது. கூரை உயரம், தரை பளபளவென்று இருந்தது. நடுவே ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் ஒன்றும் இல்லை. அவர் அறநெறி அதிகாரியாம்.

"நம்ம துறை அறநெறியில ரொம்பக் கண்டிப்பு" என்று அறநெறி அதிகாரி ஆரம்பித்தார். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவர் குரலில் இருந்தது. "அனுமதி இல்லாம ஒரு தப்புக்கூட செய்ய மாட்டோம். ஒட்டுக் கேக்கறதா, வீட்டுக்குள்ள புகுறதா, ஆளைத் தூக்கறதா, எதுவா இருந்தாலும் முதல்ல அனுமதி. அனுமதி வாங்கிட்டா அது தப்பு இல்ல. கணக்குப் பாருங்க. அனுமதி இல்லாம எதுவும் நடக்கல. அனுமதியோட நடந்தது தப்பு இல்ல. அப்ப இதுவரைக்கும் நடந்த தப்பு எவ்வளவு?"

"யார் சார் அனுமதி குடுக்கறது?"

"செய்யறவர்தான். வேற யாருக்கு அதோட கஷ்டம் தெரியும்?"

"உங்களுக்கு என்ன வேலை சார்?"

"முடிஞ்சப்புறம் எனக்குச் சொல்லுவாங்க" என்றார் அறநெறி அதிகாரி. பிறகு கொஞ்சம் குரல் தாழ்ந்தது. "சில சமயம் மறந்துடுவாங்க."

அந்த அறைக்கு எட்டடிப் பெட்டி ஒன்று, உள்ளே எதுவும் இல்லாமல், துணியும் இல்லாமல் வேண்டும் என்றார்கள். மனசாட்சியைக் குறிக்கிறதாம்.

கடைசி அறைக்குப் பெயர் 'விளக்குச் சதி: முறியடிக்கப்பட்டது'. கண்ணாடிக்கடைக்காரர் உள்ளே போனதும் அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டார். சுவரோரம் ஓர் ஏணி படுத்திருந்தது. கீழிருந்து மூன்றாவது படி மட்டும் அலுமினியம். பழைய படி உடைந்தபோது, ஜன்னல் சட்டத்தில் மிஞ்சிய துண்டை வெட்டி அவரே ரிவெட் அடித்துக் கொடுத்தது. "மாமா, இந்தப் படி மட்டும் மாப்பிள்ளை மாதிரி மினுக்குது" என்று பல்பு அன்றைக்குக் கேலி செய்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

"சார், இது யார் ஏணி?"

"எது?" என்றார் காட்சி அதிகாரி.

"இதோ. இது."

"இங்க ஏணி எதுவும் இல்லையே."

"அப்ப நான் எதை அளக்கணும்?"

"பெட்டிக்கு அளவு எடுங்க."

"பெட்டிக்குள்ள என்ன வைப்பீங்க?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல." காட்சி அதிகாரி ஏணியைத் தாண்டிக் கால் வைத்து அந்தப் பக்கம் போனார். "நீளம் கொஞ்சம் தாராளமா வைங்க. நுனி இடிக்குது."

கண்ணாடிக்கடைக்காரர் குனிந்து நாடாவை எடுத்தார். அந்த ஆளின் தலையில் அந்த ஏணியையே போட வேண்டும் போல இருந்ததாம். வாழ்க்கையில் அப்படி ஒரு ஆசை அவருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அடக்கிக்கொண்டு, பெட்டியின் கதவுக்கு என்ன பூட்டு வைக்கலாம் என்று கேட்டார்.

அதற்குத் துறை கூடி ஆலோசித்தது. பூட்டு வைத்தால் சாவி வேண்டும். சாவி இருந்தால் அதை வைத்திருக்க ஓர் அதிகாரி வேண்டும். அப்படி ஓர் அதிகாரி இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். ஆகவே பூட்டு வேண்டாம் என்று முடிவாயிற்று. கண்ணாடிக்கடைக்காரர் நன்றாக எண்ணெய் விட்ட, ஒரு விரலால் தள்ளினால் நகர்கிற கதவாகப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா அழவில்லை. ஏணியின் மூன்றாவது படி அப்படியே இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றார் இவர்.

"அப்ப நாம போயி எடுத்துக்கலாம். இல்லாத பொருளை யாரு திருடினதாச் சொல்லப்போறா?"

திறப்பு விழாவுக்குப் பொதுமக்கள் வேண்டும் என்று எங்கள் தெருவையே அழைத்திருந்தார்கள். நானும் கட்டைவிரலில் கட்டோடு போயிருந்தேன். பெட்டிக்கடைக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரைத் தெரிந்த இரண்டு அதிகாரிகளும் அவரைத் தெரியாத மாதிரி ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். அமைச்சர் நடு நாற்காலியில் இருந்தார். தலைமை இயக்குநர் பேச எழுந்தார். நல்ல கனமான குரல்.

"பெரியோர்களே, நம் துறைக்கு மிக நீண்ட வரலாறு உண்டு. அது என்ன என்பது எங்களுக்கே தெரியாத அளவுக்கு ரகசியமாகக் காத்து வருகிறோம். அந்தக் காலத்தில் மன்னர்கள் மாறுவேடம் போட்டு ஊருக்குள் போய், மக்கள் என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பார்களாம். கேட்டுவிட்டு அரண்மனைக்குத் திரும்பித் தங்கள் தவறைத் திருத்திக்கொள்வார்களாம். அந்தப் பாரம்பரியத்தின் முதல் பாதியை இன்றுவரை நாங்கள் விடாமல் பின்பற்றுகிறோம்."

கைதட்டினார்கள். அமைச்சரும் தட்டினார்.

"சிலர் எங்களைக் குறை சொல்கிறார்கள். தவறான ஆளைப் பிடித்துவிட்டீர்கள் என்கிறார்கள். நான் பணிவோடு கேட்கிறேன், நாங்கள் பிடித்த பிறகு அவர் எப்படித் தவறான ஆளாக இருக்க முடியும்? குற்றம் செய்தவரைப் பிடிப்பது காவல் துறை. குற்றம் செய்யாதவரை, அவர் குற்றம் செய்வதற்கு முன்பே பிடிப்பது நாங்கள். அதனால்தான் எங்களிடம் இருப்பவர்கள் எல்லாருமே நிரபராதிகளாக இருக்கிறார்கள். எங்கள் வேகத்துக்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?"

எனக்குப் பக்கத்தில் இருந்த அந்த அம்மா சேலைத்தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டார்.

"விளக்குச் சதி நடவடிக்கைக்குப் பிறகு இந்த நகரத்தில் பகலில் ஒரு விளக்குக்கூட எரிந்ததில்லை. சொல்லப்போனால் இரவிலும் எரிந்ததில்லை. எதிரி இன்று இருட்டில் இருக்கிறான்."

"நாங்களும்தான்" என்று யாரோ சொன்னார்கள். நான்தான். ஆனால் மெதுவாகத்தான் சொன்னேன்.

நான் திரும்பிப் பார்த்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

கடைசி அறையிலிருந்து ஏணி வெளியே வந்தது. முன்னால் அந்த அம்மா, பின்னால் கண்ணாடிக்கடைக்காரர். பெட்டியை மூடியிருந்த கறுப்புத் துணி ஏணியின் ஒரு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலிகளுக்கு நடுவே, ஒருவர் மேலும் இடிக்காமல், பழகிய கையாக நடத்திக்கொண்டு வந்தார்கள். காட்சி அதிகாரி ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"எதை?" என்றார் அந்த அம்மா.

"அதை... அந்த..."

"எந்த?"

காட்சி அதிகாரி தலைமை இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார். தலைமை இயக்குநர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லை உச்சரிக்க அந்தக் கட்டடத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை. காட்சி அதிகாரி ஒதுங்கி வழிவிட்டார்.

வாசலில் காவலாளி. உள்ளே வந்த பொருள் வெளியே போனால் தடுப்பது அவர் வேலை. அவர் ஏணியை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை பார்த்தார்.

"இது உள்ள வந்ததாவே எனக்குச் சொல்லலையே" என்றார். பிறகு, ஏணி நீளமாக இருந்ததால், இரண்டு கதவையும் திறந்துவிட்டார்.

தலைமையகத்து வாசல் கம்பத்தில் ஏணியைச் சாய்த்தார்கள். கூட்டம் முழுதும் வெளியே வந்துவிட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. பெட்டிக்கடைக்காரர் திடீரென்று காணாமல் போய், மூச்சு வாங்க ஓடிவந்தார். கையில் ஒரு புதுப் பல்பு. தன் கடை முகப்பில் மாட்ட வாங்கி வைத்திருந்ததாம்.

"இந்தாம்மா. நான் லைட்டு எரியுதுன்னு மட்டும்தான் சொன்னேன். சத்தியமா அவ்வளவுதான் சொன்னேன்."

"தெரியும்ணே. ஏணியைப் புடிங்க" என்றார் அந்த அம்மா.

அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா ஏறினார். அலுமினியப் படியில் கால் வைக்கும்போது ஒரு நொடி நின்றார். மேலே போய்ப் பழைய பல்பைக் கழற்றிப் புதியதைத் திருகினார். முனைப் பெட்டிக்கருகே நின்ற கணவரைப் பார்த்து, "போடுங்க" என்றார்.

பட்டப்பகலில் உளவுத்துறையின் வாசலில் விளக்கு எரிந்தது. அமைச்சர் அண்ணாந்து பார்த்தார்.

"அது என்ன விளக்கு?"

தலைமை இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அவர் மனத்தில் அந்த நேரம் ஓடியதை என்னால் ஊகிக்க முடிகிறது. சதிகாரன் உள்ளே இருக்கும்போது விளக்கு எரிந்தால், உள்ளே இருப்பவன் சதிகாரன் இல்லை. அல்லது சதி முறியவில்லை. அல்லது இது வெறும் விளக்கு. மூன்றில் எதைச் சொன்னாலும் கூடத்தை மூட வேண்டியதுதான். அவர் நாலாவது ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"எந்த விளக்கு ஐயா? அங்கே விளக்கு எதுவும் எரியவில்லை."

அமைச்சர் அனுபவசாலி. கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "ஆமாம், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது" என்றார்.

மேலேயிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. சத்தம் போட்டுப் பேசவில்லை. ஆனால் தெருமுனைவரை கேட்டது.

"எரியுது. என் தம்பி உள்ள இருக்கான், லைட்டு வெளிய எரியுது. போட்டது நான். தைரியம் இருந்தா இதுக்காக என்னைப் புடிங்க."

பிடிக்க முடியவில்லை. எரியாத விளக்கைப் போட்டதற்காக ஒருவரைப் பிடிக்க அவர்கள் விதியில் இடமில்லை. அமைச்சர் முன்னிலையில் எரியவில்லை என்று ஆகிவிட்டது. எல்லாரும் காரில் ஏறினார்கள். விளக்கின் வெளிச்சம் கார்களின் கூரையில் மங்கலாகத் தெரிந்தது. நான் கைதட்டினேன். அந்த விழாவில் மனசாரத் தட்டியது அப்போதுதான்.

அதோடு விடவில்லை. ஏணி கையில் இருக்கிறது, புதுப் பல்பு வாங்க ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக்கொண்டோம். தினமும் நண்பகலில் ஏறி ஒவ்வொரு விளக்காக மாற்றினோம். கண்ணாடிக்கடைக்காரர் முனைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டார். நான் ஏறத் தகுதியில்லாத காலோடு ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பல்பு செய்தபடியே செய்தோம்: போட்டோம், அணைத்தோம், மறுபடி போட்டோம். நகராட்சி எங்களைத் தடுக்கவில்லை. அவர்கள் குறிப்பின்படி பல்புதான் இன்னும் வேலையில் இருக்கிறான்.

துறைக்காரர்கள் இருவரும் தனித்தனியாகப் பெட்டிக்கடைக்கு வந்தார்கள். விளக்கு எரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லும்படி கெஞ்சினார்கள். மிரட்டியும் பார்த்தார்கள். கடையை எடுத்துவிடுவோம் என்றார்கள். பெட்டிக்கடைக்காரர் அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

"அன்னைக்கு எரியுதுன்னு சொன்னேன், ஒருத்தனைத் தூக்கிட்டீங்க. இன்னைக்கு எரியலைன்னு சொன்னா யாரைத் தூக்குவீங்களோ. கடையை வேணா எடுத்துக்கோங்க. எரியுது சார். கழுகும் அதைத்தான் சொல்லுது, நங்கூரமும் அதைத்தான் சொல்லுது."

இரண்டு வழியாகவும் அது மேலே போயிற்று. உச்சியில் சந்தித்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடத்திலிருந்து ஒரே செய்தி. துறையின் விதிப்படியே, விளக்கு எரிகிறது, உள்ளே இருப்பவன் போடவில்லை.

விட்டுவிடலாம் என்று முடிவு செய்தபோது ஒரு சிக்கல் வந்தது. இல்லாத ஒருவனை எப்படி விடுதலை செய்வது? பல நாள் யோசித்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு பகலில், வரலாற்றுக் கூடத்தைப் பார்க்க வந்த கும்பலோடு பல்பையும் சேர்த்து வெளியே அனுப்பினார்கள். சட்டையில் 'பார்வையாளர்' என்று ஓர் அட்டை குத்தியிருந்தது. வாசலில் வழக்கம்போல் அக்கா நின்றுகொண்டிருந்தார். கும்பலில் அவனை முதலில் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு இளைத்திருந்தான்.

காவலாளி அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். வெளியே போகிறவர்களிடம் கூடம் எப்படி இருந்தது என்று கேட்பது அவர் கடமை. கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்கடைக்குள் எல்லாரும் கூடியிருந்தோம். பல்பு தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் கண்ணில் படும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்கா எழுந்துபோய்க் கடை விளக்கை அணைத்தார்.

"அங்க ரூம்ல ஒரு பல்பு இருந்துச்சுக்கா. ராத்திரி பகல் அணைக்கவே மாட்டாங்க. ஹோல்டர் வேற லூசா இருந்துச்சு, டக்கு டக்குன்னு மினுக்கும். சொன்னேன். அதை உனக்கு யாரு சொன்னாங்கன்னு கேட்டு அதுக்கு ஒரு நாள் அடிச்சாங்க."

பெட்டிக்கடைக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"வேற என்னடா கேட்டாங்க?" என்றார் மாமா.

"ஒரே கேள்விதான் மாமா. யாருக்காக லைட் போட்டேன்னு. ரோட்டுல நடந்து போறவங்களுக்காகன்னு சொன்னேன். அவங்க பேரெல்லாம் சொல்லுன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒரு பேரும் சொல்லல." அவன் தலை நிமிர்ந்தது. "எத்தனையோ விதமாக் கேட்டாங்க மாமா. ஒரு பேரும் சொல்லல."

என் கால் கட்டைவிரலை நான் உள்ளே இழுத்துக்கொண்டேன். அந்தப் பெயர்களில் ஒன்று என்னுடையது.

கொஞ்ச நாள் அவன் வெளியே வரவில்லை. பிறகு ஒரு நண்பகலில் மாமாவிடம் ஏணியைக் கேட்டு வாங்கினான். தோளில் வைத்துக்கொண்டு நேராகத் தலைமையகத்து வாசல் கம்பத்துக்குப் போனான். அக்கா பின்னாலேயே போனார். நாங்களும் போனோம். மாடி ஜன்னல்களில் இரண்டு திரைச்சீலைகள் அசைந்தன. முனைப் பெட்டியைத் திறந்து ஸ்விட்சைப் போட்டான். தெரு நெடுக எல்லா விளக்கும் எரிந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்துவிட்டு வந்தான். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பெட்டியின் கதவைச் சாத்தினான்.

"அணைக்க மறந்துட்டியேடா" என்றார் அக்கா.

பல்பு ஜன்னல்களை ஒரு தடவை பார்த்தான். ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"மறக்கலக்கா. எரியட்டும்."